குளச்சல் தந்த பாடம்

கி.மு. 331இல் கௌகமேலாப் போர்க்களத்தில், பாரசீகரின் பெரும்படையில் இடைவெளி விழக்கண்டதும் மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் குதிரைப்படையோடு தாரியசை நோக்கிப் பாய்ந்தான். வென்றது எண்ணிக்கையன்று, காலமறிந்த தலைமையே. அப்போரைப் பள்ளியில் பயின்ற நாம், நம் காரக்கோணத்திற்கு அண்மையில் நிகழ்ந்த குளச்சல் போரை மறக்கலாமோ?

மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க விழைந்த டச்சுக் கம்பெனியார் 1741இல் குளச்சலில் படையிறக்கினர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் (ஆட்சி 1729–1758) அவர்களை நிலப்புறத்தே வளைத்து, உள்நாட்டுத் தொடர்பை அறுத்தார். கடலில் வல்லார் கரையில் முடங்கினர். வெடிமருந்தில் தீப்பற்றி உணவுக் கிடங்கும் அழியவே, ஆகஸ்டில் சரணடைந்தனர்.

வெற்றிக்குப்பின் மன்னர் காட்டிய மதிநுட்பம் இன்னும் பெரிது. சிறைப்பட்ட டிலனாயை அவர் மாய்த்தாரல்லர். தம் படையைப் பயிற்றும் பொறுப்பையே அளித்தார். பகைவராய் வந்தவர் 1777இல் மறையும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். இன்று உதயகிரிக் கோட்டையில் துயில்கின்றார்.

1956இல் எல்லை வகுக்கப்பட்டபோது குளச்சல் தமிழகத்திலும் காரக்கோணம் கேரளத்திலும் அமைந்தன. மண் பிரிந்தது, வரலாறு பிரியவில்லை. நம் சிறாரை விடுமுறையில் உதயகிரிக்கு அழைத்துச் சென்று இதனை எடுத்துரைப்போமாக!