மார்பு நடுவறை வளிக்கசிவு

மார்பு நடுவறை வளிக்கசிவு அல்லது நியூமோமீடியாஸ்டினம் என்பது இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட மார்பு நடுவறையில் காற்று கசிந்து தேங்கும் நிலையாகும். இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், பெருந்தமனி ஆகியன இவ்வறையில் அமைந்துள்ளன. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக் 1819 இல் இந்நிலையை விவரித்தார். காயம் ஏதுமின்றித் தானே தோன்றும் வகையை 1939 இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் ஹேமன் விளக்கினார்.

== காரணங்கள் ==

காற்று எங்கிருந்து வருகிறது என்பதே நோயின் கடுமையைத் தீர்மானிக்கிறது.

'''நுரையீரல்:''' இதுவே பெரும்பாலான நேர்வுகளுக்குக் காரணம். நுரையீரலினுள் அழுத்தம் திடீரென உயரும்போது காற்று நுண்ணறைகள் கிழிகின்றன. வெளியேறும் காற்று, இரத்தக் குழாய்களைச் சூழ்ந்த உறை வழியே நடுவறையை அடைகிறது. இது மேக்லின் விளைவு எனப்படுகிறது. ஆஸ்துமா, கடும் இருமல், தொடர் வாந்தி, மகப்பேற்றின்போது முக்குதல், செயற்கைச் சுவாசம் ஆகியன இதனைத் தூண்டலாம். கோவிட்-19 நோயாளிகளில், செயற்கைச் சுவாசம் பெறாத சிலரிடமும் இது காணப்பட்டது.

'''மூச்சுக்குழாய்:''' சாலை விபத்து, கத்திக்குத்து போன்றவற்றால் குழாய் கிழிதல்.

'''உணவுக்குழாய்:''' கடும் வாந்தியால் உணவுக்குழாய் வெடித்தல் போயர்ஹாவே நோய்க்குறித்தொகுதி எனப்படுகிறது. 1724 இல் டச்சு மருத்துவர் எர்மான் போயர்ஹாவே இதனை விவரித்தார். உணவும் அமிலமும் நடுவறையில் கலப்பதால் உயிருக்கு ஆபத்தானது.

'''பிற வழிகள்:''' கழுத்து அல்லது வயிற்றறையிலிருந்து காற்று பரவுதல். பல் மருத்துவரின் காற்றுவிசைத் துளைகருவியிலிருந்தும் காற்று கழுத்துத் திசுக்கள் வழியே மார்பை அடையக்கூடும்.

== வேளாண் பகுதிகளில் ==

திண்டுக்கல் சமவெளி போன்ற மானாவாரிப் பகுதிகளில் இரு காரணங்கள் கவனத்திற்குரியவை.

* '''நிலக்கடலை:''' குழந்தையின் மூச்சுக்கிளைக்குழாயில் சிக்கும் கடலை, தடுக்கிதழ் போலச் செயல்படும். உள்ளிழுக்கும் காற்று நுழையும், வெளியேற இயலாது. அழுத்தம் மிகுந்து நுண்ணறைகள் கிழியலாம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தரலாகாது.
* '''பாராகுவாட்:''' இக்களைக்கொல்லி உடலினுள் சென்றால் உணவுக்குழாயையும் நுரையீரலையும் அரிக்கிறது. இதற்கு மாற்று மருந்து இல்லை. இந்நச்சேற்றத்தில் நடுவறையில் காற்று தோன்றுவது உயிராபத்தின் அறிகுறியாகும். இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாக இதனைத் தடை செய்தது.

== அறிகுறிகளும் கண்டறிதலும் ==

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குரல் மாற்றம், கழுத்து வீக்கம் ஆகியன காணப்படும். காற்று தோலடியில் பரவினால், கழுத்தை அழுத்தும்போது நொறுநொறுப்பு உணரப்படும். இதயத் துடிப்புடன் இணைந்து கேட்கும் நொறுங்கல் ஒலி ஹேமன் குறி எனப்படுகிறது. மார்பு எக்சு-கதிர்ப் படம் பெரும்பாலும் போதுமானது. சிறு கசிவை சிடி வருடல் காட்டும்.

== சிகிச்சை ==

தானே தோன்றும் வகை பெரும்பாலும் ஓய்வு, வலிநீக்கி, ஆக்சிசன் ஆகியவற்றால் சில நாட்களில் குணமாகும். கடலை போன்ற அயற்பொருள் சிக்கியிருப்பின் மூச்சுக்குழாய் உள்நோக்கி மூலம் அகற்றப்படும். உணவுக்குழாய் வெடித்திருப்பின் பெரும்பாலும் உடனடி அறுவை மருத்துவம் தேவை. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் இறப்பு வாய்ப்பைக் கூட்டும். எனவே வாந்தியைத் தொடர்ந்து கடும் நெஞ்சுவலி தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனையை நாடவேண்டும்.