ஐப்பசி எந்த ஆண்டில் வருகிறது?

நாஞ்சில் நாட்டின் பழைய ஆவணங்களைப் படிக்கப் புகுபவர் முதலில் எதிர்கொள்வது கொல்லம் ஆண்டை. கி.பி. 825-இல் தொடங்கும் இக்கணக்கே திருவிதாங்கூர் அரசின் ஆவணங்களில் நெடுங்காலம் வழங்கிற்று. அ.கா.பெருமாள் பதிப்பித்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளிலும் இதையே காண்கிறோம்.

இத்தகைய ஆவணங்களைக் கணினியின் தரவுத்தளத்தில் ஏற்றினால், எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியில் 'இந்நாள் முதல் இந்நாள் வரை' என்று கேட்டுப் பெறலாம். ஆனால் கேள்வி பிசகினால் கணினி முறையிடுவதில்லை. சில ஆவணங்களை ஓசையின்றி விட்டுவிட்டு மற்றவற்றைத் தருகிறது. இல்லாததை நாம் எப்படிக் கவனிப்போம்?

ஓர் உதாரணம். கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. கொல்லம் 1132 ஐப்பசி. கொல்லம் ஆண்டு ஆவணியில், ஆகஸ்ட் மத்தியில் பிறக்கிறது. ஆகவே டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் 825-ஐக் கூட்டிப் பதிந்தால் அந்த ஐப்பசி 1957-க்குப் போய்விடும். 1956-ஐத் தேடுபவருக்கு இணைப்பு நாளின் ஆவணம் ஒன்றுகூடக் கிட்டாது.

ஆண்டு சரியாக இருந்தாலும் நேரம் ஏமாற்றும். பத்திரப் பதிவில் தாக்கல் செய்த நாளோடு மணியையும் குறிப்பது வழக்கம். திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின் கடைசி மாதப் பத்திரங்களை வேண்டி, 'பிட்வீன்' என்ற சொல்லால் 'அக்டோபர் 1 முதல் 31 வரை' என்று கேட்கிறோம் எனக் கொள்வோம். நேரமும் சேர்ந்த பத்தியில் 31 என்பதைக் கணினி அந்நாளின் நள்ளிரவுத் தொடக்கமாகவே கொள்ளும். அன்று பகலில் பதிவான அனைத்தும் விடுபடும். பழைய ஆட்சியின் இறுதிநாளே மறைந்துபோகும். 'அக்டோபர் 1 முதல், நவம்பர் 1-க்கு முன்வரை' என்று கேட்பதே முறை.

இன்னும் பின்னே சென்றால் வேறொரு சுவர். மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை வென்ற குளச்சல் போர் நடந்தது 1741-இல். மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரின் 'டேட்டைம்' வகையோ 1753 ஜனவரி 1-க்கு முந்தைய நாளை ஏற்பதில்லை. 1752-இல் பிரித்தானியர் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என எண்ணினர். அக்குழப்பத்துக்கு இப்பால் நின்றுகொண்டது அவ்வகை. 2008-இல் வந்த 'டேட்' வகை இத்தடையை நீக்கியது.

ஆகவே ஓலையில் உள்ள தேதியை உள்ளவாறே ஒரு பத்தியிலும், அது குறிக்கக்கூடிய ஆங்கிலத் தேதிகளின் தொடக்கத்தையும் முடிவையும் வேறிரு பத்திகளிலும் வைக்கவேண்டும் என்பது நம் துணிபு. ஓலை எழுதியவர் தம் காலத்தைத் தெளிவாகவே குறித்துச் சென்றார். அதைத் தொலைப்பதானால் தொலைப்பவர் நாமாகத்தான் இருப்போம்.