ஐன்ஸ்டைன் எழுதிய இரண்டாவது கடிதம்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பி மூன்று வாரம் ஆகிறதாம், பதிலே இல்லை. "மறுபடி எழுதிக் கேட்டா ரொம்ப அலையுறான்னு நினைப்பாங்களா டீச்சர்?" என்றான். போனில் ஏதோ சொல்லி வைத்தேன். அப்புறம்தான் வகுப்பில் நான் பாதி மட்டும் சொல்லி விட்ட ஒரு கதை நினைவுக்கு வந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை, அவனும் படிப்பான்.

ஐன்ஸ்டைன் 1900-இல் சூரிச் பாலிடெக்னிக்கில் படிப்பை முடித்தார். அவரோடு தேறிய மூன்று நண்பர்களுக்கும் உதவியாளர் வேலை கிடைத்துவிட்டது. இவருக்கு மட்டும் இல்லை. அப்பா ஹெர்மன் மின்சாதனத் தொழிலில் அடுத்தடுத்து நொடித்துப் போனவர். குடும்பம் இத்தாலியில் மிலான் நகரத்தில் இருந்தது. பையனுக்கு வயது 22.

1901 மார்ச் 19 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு அவர் கடிதம் எழுதினார். ஆஸ்ட்வால்ட் அன்றைக்குப் பெரிய வேதியியல் பேராசிரியர். அப்போதுதான் அச்சான தன் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையையும் கூடவே வைத்து, உங்களிடம் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டிருந்தார். பதில் வரவில்லை.

இரண்டு வாரம் பொறுத்தார். ஏப்ரல் 3 அன்று மிலானிலிருந்து ஒரு அஞ்சலட்டை போட்டார். வேலையைப் பற்றி அதில் கேட்கவில்லை. போன கடிதத்தில் என் விலாசத்தை எழுதினேனா என்று தெரியவில்லை, இதோ என் விலாசம் என்று எழுதினார். இத்தனைக்கும் முதல் கடிதத்தில் விலாசம் இருந்தது!

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நானே செய்த வேலை அல்லவா! ஆசிரியர் பயிற்சி முடித்து உதவி பெறும் பள்ளிகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், "என் முந்தைய கடிதம் தபாலில் தவறியிருக்கலாம்" என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். தபால்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு மரியாதையாக மறுபடி கேட்பது. அந்த வெட்கம் ஐன்ஸ்டைனுக்கும் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 12 அன்று நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்கு, கேமர்லிங் ஓன்னஸ் என்ற பேராசிரியருக்கு எழுதினார். இந்த முறை ரிப்ளை கார்டு. நம் ஊரிலும் முன்பு இருந்ததே, இரண்டு அட்டை சேர்ந்தாற்போல, பதில் எழுதுகிறவர் செலவில்லாமல் போடலாம். அந்தப் பதில் அட்டை எழுதப்படாமலே இன்றும் லைடனில் போர்ஹாவே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த நாள், ஏப்ரல் 13. இதைத்தான் நான் வகுப்பில் சொல்லாமல் விட்டேன். ஹெர்மன் தானாகவே ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மகனுக்குத் தெரியாது என்பதையும் அதிலேயே சொன்னார். வேலையில்லாமல் பையன் மனமொடிந்திருக்கிறான், எங்களுக்குப் பாரமாக இருப்பதாக நினைக்கிறான், அவன் கட்டுரையைப் படித்து நான்கு வரி ஊக்கமாக எழுதுங்கள், முடிந்தால் ஒரு உதவியாளர் வேலையும் கொடுங்கள் என்று கேட்டார். வேலையை இரண்டாவதாகத்தான் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். அதற்கும் பதில் வந்ததாக எந்தத் தடயமும் இல்லை.

என் அப்பாவும் ஒருநாள் எனக்குத் தெரியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரு பள்ளித் தாளாளர் வீட்டுக்குப் போய்க் காத்திருந்துவிட்டு வந்தார். தெரிந்ததும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. என் மானத்தை வாங்கிவிட்டார் என்று கோபம். அங்கே வேலையும் கிடைக்கவில்லை. எனக்கு வேலை வந்தது சில வருடம் கழித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில். ஹெர்மன் கடிதத்தைப் படித்த அன்று என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்க அவர் இல்லை.

ஐன்ஸ்டைனுக்கு வழி திறந்தது வேறு பக்கத்தில். ஹெர்மன் எழுதிய அதே ஏப்ரல் 13 அன்று கூடப் படித்த மார்செல் கிராஸ்மனின் கடிதம் வீட்டுக்கு வந்திருந்தது. கிராஸ்மனின் அப்பா, பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநர் ஹாலரிடம் சொல்லி வைத்திருந்தார். சொன்னவுடனே வேலை வந்துவிடவில்லை. இடையில் வின்டர்தூர் ஊர்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை, பிறகு ஷாஃப்ஹவுசனில் டியூஷன். டிசம்பரில் பணியிடம் முறைப்படி விளம்பரமானது. 18-ஆம் தேதி விண்ணப்பித்தார். 1902 பிப்ரவரியில் பெர்ன் செய்தித்தாளில், கணிதமும் இயற்பியலும் தனியாகச் சொல்லித் தரப்படும், முதல் பாடம் இலவசம் என்று விளம்பரம் கொடுத்தார். நம் தெருவில் டியூஷன் எடுக்கிறவர்கள் தலைநிமிர்ந்து நடக்கலாம்!

ஜூன் 16 அன்று நியமனம். மூன்றாம் வகுப்புத் தொழில்நுட்ப நிபுணர், ஆண்டுக்கு 3500 பிராங்க். விண்ணப்பித்து ஆறு மாதம். அக்டோபர் 10 அன்று ஹெர்மன் மிலானில் காலமானார். மகன் சம்பளம் வாங்கியதை அவர் அறிந்திருந்தார். மற்ற எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்ட்வால்டை நான் வகுப்பில் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருக்கிறேன். அதைத் திருத்த வேண்டும். 1910-ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு ஐன்ஸ்டைன் பெயரை முதன்முதலில் முன்மொழிந்தவர் அதே ஆஸ்ட்வால்ட்தான். லைடன் பல்கலைக்கழகமும் 1920-இல் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. கேமர்லிங் ஓன்னஸ் அப்போதும் அங்கேதான் இருந்தார்.

தம்பி, மூன்று வாரம் போதும், எழுது. எந்தத் தேதியில், எந்த வேலைக்கு விண்ணப்பித்தாய் என்று இரண்டு வரி, கீழே போன் நம்பர். விலாசம் விட்டுப்போச்சு என்ற சாக்கு ஈமெயிலில் செல்லாது. அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன். உன் கையெழுத்துதான் மோசம், டைப் அடித்தால் பரவாயில்லை.