கடல் கடந்து வந்த ஆசிரியர்களும் ஓர் ஆயத்த ஆண்டும்

மூதூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு றொபேட் நொக்ஸின் நினைவு வரும். 1659ஆம் ஆண்டின் இறுதியில் புயலில் சேதமுற்ற ஆங்கிலேயக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவுக்கு வந்ததும், 1660இல் நொக்ஸும் அவரது தந்தையும் மாலுமிகளும் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டதும், 1679இல் அவர் தப்பிச் சென்று 1681இல் இலண்டனில் நூல் வெளியிட்டதும் பலரும் அறிந்த செய்திகள். பத்திரிகை வாசகர்களுக்கோ மூதூர் என்றால் 2006 ஆகஸ்ட் மாதம்தான். நான் இங்கே எழுத விரும்புவது இவ்விரண்டையும் பற்றியன்று. அந்த ஊரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் எங்கிருந்து வருகிறார் என்ற, எவரும் தலைப்புச் செய்தியாக்காத விடயத்தைப் பற்றி.

திருகோணமலை நகருக்கும் மூதூருக்கும் நடுவே கொட்டியாரக் குடா கிடக்கிறது. படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தரைவழியாக வருவதென்றால் மகாவலி கடலோடு கலக்கும் கழிமுகத்தைச் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் படகுப் பாதைகளைக் கடந்து வரவேண்டும். 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, அதன் பின்னர் கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பாலங்கள் எழும்பும் வரை இதுவே நிலைமை.

அந்தப் பழைய காலத்தில் செய்தி சேகரிக்கச் சென்றபோது திங்கட்கிழமைக் காலைப் படகில் ஆசிரியர்களோடு பயணம் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதே முகங்கள் இறங்குதுறையில் காத்து நிற்கும். ஒருமுறை அங்கு நின்ற முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, வாற மாஸ்டர்மார் நல்லவங்கதான். ஆனா வந்த நாளில இருந்து அவங்கட கண் கடல்லயே இருக்கு.” அவர் குறை கூறவில்லை. உள்ளதைச் சொன்னார். வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வருபவர் கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். அவர் போன பின் அந்த வகுப்பு மாதக்கணக்கில் வெறுமையாகவே இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் ஒரு தீர்வு வைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனே சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குக் கற்பித்தான். 1790களில் சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அம்முறையைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் ஐரோப்பாவுக்குச் சென்றது. பின்னர் பிரித்தானிய ஆட்சியில் ‘மாணவ ஆசிரியர்’ என்ற ஏற்பாடு வந்தது. படித்து முடித்த கிராமத்துப் பையன் தன் பள்ளியிலேயே உதவி ஆசிரியனாக இருந்து, தலைமையாசிரியரிடம் தொழில் பழகி, பயிற்சிக் கல்லூரிக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொண்டான். ஊதியம் சொற்பம், அறிவும் அரைகுறைதான். ஆயினும் ஏணியின் முதற்படி ஊருக்குள்ளேயே இருந்தது.

கோப்பாய், பலாலி, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வடக்கு கிழக்குக் கிராமங்களின் பிள்ளைகள் சென்று ‘பயிற்றப்பட்ட ஆசிரியர்’ ஆகித் திரும்பினர். பட்டம் என்பது வேறு உலகம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. எனினும் ஆய்வுகூடமும் நல்ல நூலகமும் இல்லாத ஊர்ப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக வாசல் நெடுநாள் எட்டவில்லை.

இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1970களின் தரப்படுத்தலும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாண மாணவர்களுக்கு இழைத்த அநீதி ஆறாத வடுவாயிற்று. அது இனப்பிரச்சினையின் போக்கையே மாற்றியது. ஆனால் அதே மாவட்ட ஒதுக்கீடு திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் சிலருக்குக் கதவைத் திறந்தது என்பதும் உண்மை. நம்மில் பலர் முதலாவதை மட்டுமே எழுதினோம். நானும் அவ்வாறே எழுதியவன்.

1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பணியிலிருந்த பட்டதாரி ஆசிரியர்களுக்கான கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமா அதன் தொடக்ககாலக் கற்கைநெறிகளுள் ஒன்று. அப்பல்கலைக்கழகத்தின் மற்றொரு ஏற்பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. உயர்தரப் பரீட்சையில் உரிய சித்தி பெறாதவரும் முதலில் அடிப்படைக் கற்கைநெறியைப் படித்துத் தேறி, பிறகு பட்டப்படிப்புக்குள் நுழையலாம் என்பதே அது. போரினால் பரீட்சை எழுத முடியாமற்போன ஒரு தலைமுறைக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை. 1980களின் நடுப்பகுதியில் தேசிய கல்வி நிறுவகமும் கல்வியியற் கல்லூரிகளும் உருவாயின. கல்வியியற் கல்லூரியில் இரண்டாண்டு தங்கிப் படித்து ஓராண்டு பாடசாலையில் பயிற்சி பெற்றவர்கள் டிப்ளோமாவுடன் வெளிவந்தனர். கல்விமாணிப் பட்டம் வேண்டுமாயின், அதன் பின்னர் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் படிக்கவேண்டும்.

மூதூர்ப் பிள்ளைக்கு அந்த ‘வார இறுதி’ என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். படகு, சோதனைச்சாவடி, மாலைக்குள் திரும்பவேண்டிய அவசரம். 2004இல் ஆழிப்பேரலை. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய் நோக்கி ஓடினர். பட்டினிக்கு எதிரான பிரான்ஸ் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் அவ்வூரிலேயே கொல்லப்பட்டனர். சம்பூரிலிருந்து வெளியேறியோர் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியது 2015க்குப் பிறகுதான். இத்தனைக்கும் நடுவே வகுப்புகள் நடந்தன என்றால், வடக்கு கிழக்கு எங்கும் நிரந்தர நியமனமின்றி உழைத்த தொண்டர் ஆசிரியர்களுக்கு அதில் பெரும்பங்குண்டு. அவர்களிற் பெரும்பாலோர் உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களின் கண் கடலில் இருக்கவில்லை.

மலேசியத் தமிழர் வேறொரு வழியைக் கண்டிருக்கிறார்கள். அங்கே ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிய மாணவர் ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்ந்தால் முதலில் ஓராண்டு ஆயத்தக் கல்வி, அதில் தேறிய பின் நான்காண்டுக் கல்வியியல் பட்டம். நாடெங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்டுள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியராக விரும்பும் மாணவர்களுக்குத் தமிழ்த்துறையும் உண்டு. பதினேழு, பதினெட்டு வயதிலேயே ‘நீ ஆசிரியராகப் போகிறாய்’ என்று கூறி, மொழியையும் படிக்கும் முறையையும் செப்பனிட்டு, பிறகே பட்டப்படிப்பில் ஏற்றுகிறார்கள். தோட்டப்புறப் பள்ளியில் படித்துவந்த பிள்ளைக்கு அந்த ஓராண்டு மூச்சுவிடும் நேரம்.

இதற்கு மறுப்பு இல்லாமலில்லை. தகுதி குறைந்தோரை ஆசிரியராக்கினால் இழப்பு மாணவனுக்கே என்பர். அது நியாயமான அச்சம். ஆயின் ஆயத்த ஆண்டு என்பது தகுதியைத் தள்ளுபடி செய்வதன்று. தகுதியை அடைய ஓராண்டு கூடுதலாகக் கொடுப்பது. அதன் முடிவில் தேர்வு கடுமையாகவே இருக்கட்டும், தேறாதவர் நின்றுவிடட்டும். இன்னொரு மறுப்பு, படித்தவர் ஊர் திரும்புவாரா என்பது. எல்லோரும் திரும்பமாட்டார்கள். ஆனால் தாயும் தந்தையும் வயலும் உள்ள இடத்துக்குத் திரும்புவதற்கு இருக்கும் காரணம், வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர் தங்குவதற்கு இல்லை.

2001இல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் இயங்குகிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்கும் திருகோணமலையில் நிலையம் உண்டு. பாலங்களும் வந்துவிட்டன. சம்பூர், ஈச்சிலம்பற்று, தோப்பூர்ப் பிள்ளைகளுக்கென ஆயத்த ஆண்டுடன் கூடிய தமிழ்மொழிக் கல்விமாணிப் பட்டநெறியொன்றை இங்கேயே வடிவமைப்பது பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று. கேட்கவேண்டியவர்கள் தமிழரும் முஸ்லிம்களும். சேர்ந்து கேட்டால் பலன் விரைவில் வரும். ஏனெனில் ஆசிரியர் இல்லாத வகுப்பு இரு சமூகத்துக்கும் ஒன்றுதான்.

இறங்குதுறையில் என்னோடு பேசிய அந்த முதியவர் இன்று இருக்கிறாரோ, அறியேன். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று பாடம் சொல்லிக் கொடுப்பவர் வெள்ளிக்கிழமை பிற்பகலில் எந்தத் திசையைப் பார்க்கிறார் என்பதை அடுத்த முறை மூதூர் போகும்போது பார்த்துவர வேண்டும்.