முதலில் பிரெஞ்சு, பிறகு இலத்தீன்: லசால் பள்ளிகளின் தொடக்கமும் பிளேனின் வாசிப்பும்

ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்திய ஆசிரியச் சபையின் நிறுவனர் ழான் பப்திஸ்த் தெ லசாலின் வாழ்க்கையை எழுதியவர்களில் அதிகம் செல்வாக்குப் பெற்றவர் ரூவான் நகரக் குரு பிளேன். அவரது நூல் 1733இல் இரு தொகுதிகளாக வந்தது. அவருக்கு முன்பே இருவர் எழுதியிருந்தும், பின்வந்தோர் லசால் பள்ளிகளைப் பெரும்பாலும் பிளேனின் கண்கொண்டே பார்த்தார்கள். அவர் நடை புனிதர் சரித நடை. பள்ளியின் ஒவ்வொரு வழக்கமும் நிறுவனரின் உள்ளத்தில் உதித்து வகுப்பறைக்கு இறங்கி வந்ததாகவே அவர் சொல்லிச் செல்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

பிளேனை மறுக்க உதவும் சான்றுகளையும் பிளேனே காப்பாற்றித் தந்திருக்கிறார். தொடக்க நாள்களைப் பற்றி லசால் எழுதிய நினைவுக்குறிப்பு அவர் நூல் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. பள்ளி ஆசிரியர்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாகவே முதலில் மதித்ததாக லசால் அதில் ஒப்புக்கொள்கிறார். பிளேன் இதைத் தாழ்ச்சியின் அடையாளமாக வாசிக்கிறார். நான் அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறேன். 1679இல் ரெய்ம்ஸுக்கு ஏழைப் பள்ளி தொடங்க வந்தவர் ஆத்ரியான் நியேல். அனுப்பியவர் ரூவானின் திருமதி மய்ஃபேர். லசால் அப்போது அந்நகரப் பேராலயக் கானன் (குருக்கள் மன்ற உறுப்பினர்), வசதியான வீட்டுப் பிள்ளை. 1681இல்தான் ஆசிரியர்களைத் தம் வீட்டில் தங்கவைத்தார். 1683இல் கானன் பதவியைத் துறந்தார். திட்டமிட்டு ஒரு கல்விமுறையை நிறுவ வந்தவரின் நடை இதுவல்ல.

வாசிப்பு மொழி விவகாரத்துக்கு வருவோம். அன்றைய வழக்கப்படி பிள்ளைகள் முதலில் இலத்தீன் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். லசாலின் சபை ஆசிரியர்களான சகோதரர்கள் பிரெஞ்சில் தொடங்கினார்கள். சார்த்ர் ஆயர் கொதே தெ மரே இதை ஏற்கவில்லை; அவருக்கு லசால் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தின் காரணங்களைப் பிளேன் வரிசையாகத் தருகிறார். மூல ஏடு இல்லை. ஆனால் காரணங்களைப் பாருங்கள்: இலத்தீன் பொருள் விளங்காத பிள்ளைக்கு அதன் வாசிப்பால் பயன் குறைவு, ஏழைப் பெற்றோர் பிள்ளைக்கு வேலை செய்யும் வயது வந்ததும் பள்ளியை நிறுத்திவிடுகிறார்கள், இலத்தீனில் தொடங்கியவன் இரண்டு மொழியிலும் அரைகுறையாக வெளியேறுகிறான். இதைத் தியானத்தில் கண்டடைய முடியாது. வருகைப் பதிவேட்டோடு மல்லாடியவர்களின் பேச்சு இது.

இதற்குத் துணையாக நான் நிறுத்துவது ‘பள்ளி நடத்தும் முறை’ என்ற கையேட்டின் 1706ஆம் ஆண்டுக் கைப்பிரதியை. மூத்த, திறமையான சகோதரர்களோடு பலமுறை கலந்துபேசி, பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகே தொகுத்ததாக அதன் முன்னுரை சொல்கிறது. வாசிப்பு வரிசை எழுத்துப் பலகையில் தொடங்கி, அசைப் பலகை, அசைப் புத்தகம் என்று ஏறுகிறது. பிரெஞ்சு நன்றாக வந்தபின்பே இலத்தீன் திருப்பாடல். இறுதிப் படிகளில் ஒன்று கையால் எழுதிய பத்திரங்களை வாசிப்பது. கடன்சீட்டை வைத்து ஏமாற்றப்படும் வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. வராத மாணவனை வீடு தேடிப் போய் விசாரிக்கத் தெருவாரியாக மாணவர்களையே நியமித்திருக்கிறார்கள்.

லசால் 1719இல் இறந்தார். மறு ஆண்டு அவிஞ்ஞோனில் இந்தக் கையேடு அச்சேறியபோது மூன்றாம் பகுதி விடுபட்டது. மேற்பார்வையாளர் கடமையும் புது ஆசிரியர் பயிற்சியும் அடங்கிய பகுதி அது. புது ஆசிரியரிடமிருந்து களைய வேண்டிய குறைகளில் முதலாவது ஓயாமல் பேசும் ஆசை. (இன்றைய ஆசிரியர் அறைகளில் ஒட்டிவைக்கலாம்.) சபைக்குள் மட்டும் புழங்க வேண்டியது என்று இந்தப் பகுதியை விட்டிருக்கலாம். எப்படியானாலும் அச்சுப் பிரதியை மட்டும் கண்டவருக்கு விதிகள் தெரியும். அந்த விதிகளைக் கையாளும் ஆசிரியர் எப்படி உருவாக்கப்பட்டார் என்பது தெரியாது. நிறுவனர் ஒருவரே எல்லாம் வகுத்தார் என்ற எண்ணத்துக்கு அச்சுப் பிரதி தோதாக அமைந்தது என்றே நினைக்கிறேன், நிரூபிக்க முடியாவிட்டாலும்.

இதையெல்லாம் ‘தாய்மொழிக் கல்வி’ என்று இன்றைய பெயரிட்டுக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவிஞ்ஞோன், மார்செய் பகுதிகளில் எளிய மக்கள் வீட்டில் பேசியது புரோவான்சால். பள்ளியின் பிரெஞ்சு அவர்களுக்கும் கற்றுக்கொள்ள வேண்டிய மொழிதான். 1852இல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சகோதரர்கள் தொடங்கிய பள்ளிகள் ஆங்கிலவழிப் பள்ளிகளாக வளர்ந்தன. அவர்கள் விடாமல் பற்றியது பிள்ளை வெளியேறும்போது கையில் என்ன இருக்கும் என்ற கணக்கை.

காலக்கணக்கில் ஒரு முடிச்சு அவிழவில்லை. சார்த்ரில் பள்ளி திறந்தது 1699இல். ஆயர் இறந்தது 1709இல். விண்ணப்பம் இந்தப் பத்தாண்டுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். கையேட்டின் 1706 கைப்பிரதிக்கு முந்தியது என்றால், ஆயரோடு நடந்த வாதமே விதியைக் கூர்மையாக்கியது என்று பிளேன் தரப்பார் சொல்ல இடமுண்டு. பிந்தியது என்றால் வகுப்பறையில் நிலைபெற்றுவிட்ட வழக்கத்துக்கு லசால் வக்காலத்து வாங்கியிருக்கிறார். இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். காரணங்கள் அத்தனையும் பழகிய கையின் காரணங்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.