கிதாரும் கைப்பெட்டியும்

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள். பனி சூழ்ந்த அண்டார்க்டிகாவில், அர்ஜென்டினா நாட்டின் கார்லினி ஆராய்ச்சி நிலையத்தருகே, ஒளி ஊடுருவும் கூடாரம் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. அதனுள் அமெரிக்காவின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவாகிய மெட்டாலிகா கச்சேரி செய்தது. பெருமுழக்கத்துக்குப் பேர்போன குழு அது. ஆயினும், அன்று அவர்களுக்குப் பின்னே ஆம்ப்ளிஃபையர் எதுவும் முழங்கவில்லை. கூடியிருந்த ஏறத்தாழ 120 பேரும் காதில் ஹெட்போன் அணிந்தே இசையைக் கேட்டனர். அவ்விடத்தின் இயற்கைச் சூழலுக்கு ஊறு நேரலாகாது என்பதே காரணம். ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஒலிப்பெட்டிகள் செய்து வந்த வேலையை அன்று ‘ஆக்ஸ்-எஃப்எக்ஸ்’ என்னும் கணக்கிடும் கருவி செய்தது. பின்னர் தம் உலகச் சுற்றுப்பயணங்களிலும் அக்குழுவினர் இத்தகைய கருவிகளையே கைக்கொண்டனர்.

ஒரு கிதார், ஒரு கைப்பெட்டி, ஒரு கம்பி வடம். இம்மூன்றே போதும், மேடையேறலாம் என்னும் நிலை எவ்வாறு உண்டாயிற்று? இதற்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து தொடங்குதல் வேண்டும்.

கிதார் இயல்பில் மெல்லிய குரலுடையது. 1920-களின் அமெரிக்க நடன அரங்குகளில் எக்காளங்களுக்கும் மேளங்களுக்கும் இடையே அதன் ஒலி செவிக்கு எட்டவில்லை. ஜார்ஜ் பீசாம்ப் என்னும் இசைவாணரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்னும் தொழிலதிபரும் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இக்குறையைத் தீர்த்தனர். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் சிறு மின்னோட்டமாகிறது. வறுவற்சட்டி போன்ற தோற்றமுடைய அவர்களது மின்கிதார் 1932-இல் விற்பனைக்கு வந்தது. 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அச்சிறு மின்னோட்டத்தைப் பெருக்கும் கருவி அதற்கு முன்பே ஆயத்தமாயிருந்தது. லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் உருவாக்கிய மூவாய் வால்வின் வழிவந்தவையே வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்த கண்ணாடி வால்வுகள். அவற்றையே கிதார் ஆம்ப்ளிஃபையர்களிலும் பொருத்தினர். வால்வு, உள்ளே வந்ததை உள்ளவாறே பெருக்க வேண்டும் என்பது பொறியாளர் நோக்கம். ஆனால் அளவுக்கு மீறி உந்தினால் அது தன் எல்லையைக் கடந்து, அலையின் முகடுகளை மழுங்கச் செய்யும். அப்பொழுது ஒலியில் புதிய சுரக்கூறுகள் பிறந்து கரகரப்பும் கனமும் சேரும். பொறியாளர் கண்ணில் குற்றமாகப்பட்ட இது, கலைஞர் காதுக்கு இனிமையாயிற்று.

இவ்வரலாற்றில் பிழைகளுக்குத் தனியிடம் உண்டு. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்று நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவானபோது, பதிவுக் கருவியில் நேர்ந்த பழுதினால் கிதாரின் ஒலி சிதைந்து முரட்டுத்தன்மை பெற்றது. அதை நீக்காமல் வெளியிட்டனர், கேட்டவர் விரும்பினர். அப்பழுதை வேண்டும்போது எழுப்பும் மிதிகட்டை ஒன்று அடுத்த ஆண்டே கடைக்கு வந்தது. 1964-இல் இங்கிலாந்தின் டேவ் டேவிஸ் தம் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சவரத்தகட்டால் கீறி, தாம் விரும்பிய கரகரப்பைப் பெற்றார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இவற்றினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்பவர் மேளக் கடை நடத்தி வந்தார். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தார் செய்த ‘பாஸ்மேன்’ ஆம்ப்ளிஃபையர் இங்கிலாந்து இளைஞரின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1962-இல் மார்ஷலும் அவர் உதவியாளர்களும் அதனைப் பார்த்தே ஒன்றைச் செய்தனர். மின்சுற்று ஏறத்தாழ அதுவே. ஆனால் அமெரிக்க உறுப்புகள் இருந்த இடங்களில் உள்நாட்டில் கிடைத்தவற்றை இட்டனர், ஸ்பீக்கரும் வேறு. விளைந்த ஒலி மூலத்தை ஒத்தும் ஒவ்வாமலும் இருந்தது. அதுவே நாளடைவில் மார்ஷல் ஒலி என உலகப் புகழ் பெற்றது. பிறர் அதை நகலெடுக்கும் காலமும் வந்தது. மொழிபெயர்ப்பாகத் தொடங்கியது மூல நூலாகவே மாறிவிட்டது!

அரங்குகள் பெருகப் பெருக ஆம்ப்ளிஃபையர்களும் பெருத்தன. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் 55,600 பேர் முன்னிலையில் பாடினர். அவர்களுக்கெனச் செய்த 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களும் ரசிகர்களின் கூச்சலில் அமிழ்ந்தன. அக்காலத்திலேயே தி ஹூ குழுவினர் கேட்டதற்கிணங்க, மார்ஷல் 100 வாட் ஆம்ப்ளிஃபையரையும், நான்கு ஸ்பீக்கர் கொண்ட இரு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய அடுக்கையும் அமைத்தார். அவ்வடுக்கின் மொத்த எடை நூறு கிலோவை நெருங்கும்.

1970-களில் நிலைமை மாறியது. அரங்குக்கெனத் தனி ஒலிபெருக்கி அமைப்புகள் வலுப்பெற்றன. கிதார்க்கலைஞரின் ஸ்பீக்கர் முன் ஒரு மைக்கை வைத்து, அதன் ஒலியை அரங்கெங்கும் பரப்பும் வழக்கம் நிலைத்தது. அப்பால் மேடை ஆம்ப்ளிஃபையருக்கு அரங்கை நிரப்பும் கடமை இல்லை. ஒலியின் குணத்தைப் படைத்து மைக்கிடம் ஒப்படைத்தால் போதும். அங்ஙனமாயின், அக்குணத்தை மட்டும் சிறு கருவியொன்று தந்தால் என்ன? இவ்வினாவிலிருந்தே கைப்பெட்டியின் கதை தொடங்குகிறது.

பாஸ்டன் குழுவின் கிதார்க்கலைஞரும் பொறியாளருமான டாம் ஷோல்ஸ், 1982-இல் இடுப்பில் செருகும் அளவில் ‘ராக்மேன்’ என்னும் கருவியை வெளியிட்டார். அது டிரான்சிஸ்டர் முறையில் அமைந்தது. எண்களைக் கொண்டு கணக்கிடும் முறை 1990-களில் வந்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1995-இல் ‘விஜி-8’ என்னும் கருவியையும், கலிஃபோர்னியாவின் லைன் 6 நிறுவனம் 1996-இல் ஒரு டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையரையும் அளித்தன. லைன் 6 நிறுவனத்தின் சிறுநீரக வடிவச் செந்நிறப் பெட்டியாகிய ‘பாட்’ 1998-இல் வெளிவந்து வீடுதோறும் பரவியது. 2006-இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸும், 2015-இல் லைன் 6-இன் ‘ஹீலிக்ஸ்’ மிதிபலகையும் தொடர்ந்தன. இவற்றுக்கிடையே, ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் 2011-இல் அறிமுகம் செய்த கருவி வேறொரு நெறியைப் பற்றியது. அது உண்மையான ஆம்ப்ளிஃபையருக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, மைக் வழியே வெளிவருவதைக் கேட்டு, அதன் சாயலைத் தன்னுள் பதித்துக்கொள்ளும்.

இப்பெட்டி செய்யும் வேலைதான் யாது? கிதாரின் மின்னலையைப் பெரும்பாலும் வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. இன்ன வால்வு, இன்ன அழுத்தத்தில், இவ்வலையை எவ்வளவு மழுக்கும் என்று கணக்கிடுகிறது. ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் நிற்கும் மைக்கும் ஒலிக்குத் தரும் நிறத்தை, முன்னரே அளந்து வைத்த பதிவொன்றின் துணையால் சேர்க்கிறது. எதிரொலி முதலிய அணிகளையும் பூட்டி, எண்களை மீண்டும் மின்னலையாக்கி அனுப்புகிறது. இவையனைத்துக்கும் ஆகும் காலம் ஒரு சில மில்லி வினாடிகளே. ஒரு மில்லி வினாடியில் ஒலி காற்றில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும். ஆதலின் மூன்று மில்லி வினாடித் தாமதம் என்பது ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்கு ஒப்பாகும்.

கணக்கு இவ்வளவு நேர்த்தியாயினும், மேடையில் இடர்ப்பாடு இல்லாமலில்லை. நாம் பணியாற்றும் வடநாட்டு நகரில், நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பொங்கல் விழாவில் கிதார் வாசிக்க இசைந்தார். தோட்பையில் கிதார், கையில் பெட்டி, இவ்வளவோடு மெட்ரோ ரயிலில் வந்திறங்கினார். அவருடைய தந்தையார் 1980-களில் சென்னையில் மெல்லிசைக் குழுவொன்றில் கிதார் வாசித்தவர். வால்வு ஆம்ப்ளிஃபையரை இருவர் பிடித்து வேனில் ஏற்றிய நாட்களைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே முன்வரிசையில் அமர்ந்தார்.

முதற்பாட்டு தொடங்கியதும் சிரிப்பு மறைந்தது. கீழ்ச்சுரங்கள் குமுறின, மேற்சுரங்கள் செவியைத் துளைத்தன, பாடியவர் குரல் இடையே மறைந்தது. “வீட்டில் நன்றாகத்தான் இருந்தது, மாமா” என்றார் இளைஞர் பின்னர் நம்மிடம், கலங்கிய முகத்துடன். அவர் கூறியது உண்மையே. முதல்நாள் இரவு, அண்டை வீட்டார் உறக்கம் கெடலாகாதென ஹெட்போனில் மிகத் தாழ்ந்த ஒலியில் அவர் அனைத்தையும் அமைத்திருந்தார். ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் செவி, கீழ்ச்சுரங்களையும் உச்சச் சுரங்களையும் குறைவாகவே உணரும். 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டிய உண்மை இது. வீட்டில் குறைவாகத் தோன்றியதை இளைஞர் கூட்டி வைத்தார். அரங்கில் ஒலி உயர்ந்ததும் கூட்டியவை யாவும் மிகையாயின. கச்சேரியின் நடுவே, மைக் செட்காரர் சொற்படி, பெட்டியில் கீழ்ச்சுரங்களையும் மேற்சுரங்களையும் குறைத்து நடுச்சுரங்களைச் சற்று உயர்த்தியபின் நிலைமை சீர்ப்பட்டது.

ஆகவே இப்பெட்டியை முழு மேடையாகக் கொள்வோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம். அரங்கில் கேட்கும் அளவிலேயே ஒலிகளை முன்கூட்டி அமைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவு வேறுபடாமல் சமன்செய்தல் வேண்டும். தம் ஒலியைத் தாமே கேட்க, காதுக்குள் அணியும் கருவியோ, ஒலிக்குத் தன் நிறம் ஏற்றாத ஸ்பீக்கரோ தேவை. அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதால், அது பழுதுற்றால் அனைத்தும் ஓய்ந்துவிடும். ஆதலின் மிகச் சிறியதாயினும் மாற்றுக் கருவி ஒன்று பையில் இருத்தல் வேண்டும்.

அன்றிரவு வீடு திரும்பும் வழியில் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சத்தம் அதேதான், காற்றுதான் இல்லை” என்றார். அவர் சொல்லில் பொருளுண்டு. முதுகுப்புறத்தே நிற்கும் பெரிய ஸ்பீக்கர் காற்றை உந்தும்போது, அவ்வதிர்வு கிதாரின் தந்திகளை வந்து தொடும்; நின்றுபோக வேண்டிய சுரம் நீண்டு ஒலிக்கும். 1960-களில் ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸ் இவ்வுறவையே ஒரு கலையாக வளர்த்தார். ஹெட்போன் மட்டுமே அணிந்தவருக்கு இவ்வின்பம் எளிதில் கிட்டாது. இதுபற்றியே சிலர் பெட்டியின் ஒலியை அரங்குக்கு ஒரு வழியும், மேடையில் தமக்கென ஒரு ஸ்பீக்கருக்கு மறுவழியுமாகப் பிரித்து அனுப்புகின்றனர்.

ஆயினும் பழையதை மட்டும் பற்றி நிற்பதும் எளிதன்று. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் வானொலி வால்வுகள் செய்தது. இன்று உலகில் கிதார் ஆம்ப்ளிஃபையருக்கான வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் சில ஆலைகளிலிருந்தே வருகின்றன. வாடகை வீட்டின் இரண்டறைகளில் வாழ்வோருக்கு நூறு கிலோ அடுக்கு எக்காலத்தும் கனவே. பெட்டி இல்லையேல் அவ்விளைஞர் அன்று மேடையேறியிரார்.

ஊர் விட்டு ஊர் வந்த நாம் அனைவரும் இத்தகைய கணக்கை ஒருமுறையேனும் போட்டவர்களே. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று ரயிலேறும் முன் எண்ணாதவர் உளரோ? அம்மிக்கல்லை ஊரில் விட்டு அரைத்த பொடியைக் கொண்டுவந்தோம். சுவை அதுவே என்று சிலர் சொல்வர். அன்று என்று சிலர் மறுப்பர். இருதிறத்தாரும் உண்பது அக்குழம்பையே.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அவ்விளைஞர் மீண்டும் பெட்டியோடு வந்தார். இம்முறை முதல்நாள் மாலையே அரங்குக்குச் சென்று, உரிய அளவில் ஒலியை அமைத்துக்கொண்டார். அவருடைய தந்தையார் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, பழுது பார்த்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து மகனின் பின்னால் வைத்தார். பெட்டியின் ஒலி ஒரு வழியே அரங்குக்கும், மறுவழியே அதற்கும் சென்றது. அன்று அவர் முன்வரிசையில் அமரவில்லை. மேடையோரம், அந்த ஸ்பீக்கரின் அருகே, காற்றுப் படும் தொலைவில் நின்றே முழுக் கச்சேரியையும் கேட்டார்.