கிரீந்திரசேகர் போஸும் எதிர்விருப்பக் கோட்பாடும்

இந்திய உளப்பகுப்பாய்வின் வரலாறு பெரும்பாலும் ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே நினைவுகூரப்படுகிறது. ஃப்ராய்டை நேரில் கண்டிராத கல்கத்தா ஓவியர் ஒருவர் கற்பனையில் அவரை வரைய, அப்படத்தை மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் வியன்னாவுக்கு அனுப்பினார். அதில் தாம் ஓர் ஆங்கிலேயராகத் தோன்றுவதாக ஃப்ராய்ட் தம் தோழி ஒருவருக்கு எழுதினார். துணுக்கு சுவையானதுதான். ஆனால் 1921 முதல் 1937 வரை இருவரிடையே நடந்த கடிதப் போக்குவரத்தின் உட்பொருள் அதனால் மறைந்துபோயிற்று.

போஸ் எவரிடமும் பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றவரல்லர். அறிதுயில் சிகிச்சையில் தொடங்கி, நோயாளிகளைக் கவனித்தே தம் வழியை வகுத்துக்கொண்டவர். ஒடுக்கத்தைப் பற்றிய அவரது ஆய்வேடு 1921இல் நூலாக வெளிவந்தது. ஒவ்வொரு விருப்பமும் அதற்கு நேர் எதிரான விருப்பத்தோடு இணைந்தே எழுகிறது என்பது அவர் துணிபு. அடிக்க விரும்புபவனின் நனவிலி மனத்தில் அடிபட விரும்பும் ஒருவனும் இருக்கிறான். ஒன்று வெளிப்படும்போது மற்றொன்று ஒடுங்குகிறது. ஒடுங்கியது நோய்க்குறியாகத் தலைகாட்டுகிறது. எனவே சிகிச்சையில் நோயாளி, செய்பவன் நிலையிலும் செயலுக்கு உள்ளாபவன் நிலையிலும் மாறி மாறித் தன்னைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். சிறுவர் ஏறி ஆடும் பலகையை ஒத்திருப்பதால் இதற்குச் ‘சீ-சா’ முறை என்று பெயர். இதனைக் கோட்பாட்டின் வடிவம் சார்ந்த கூறாகக் கருதிய ஃப்ராய்ட், இயக்க ஆற்றலாக ஏற்கத் தயங்கினார்.

1929இல் போஸ் இன்னும் துணிந்தார். தம் இந்திய நோயாளிகளிடம் காயடிப்பு அச்சம் ஐரோப்பியரிடம் காணும் அளவுக்கு இல்லை. பெண்ணாக வேண்டும் என்னும் விருப்பம் இந்திய ஆண்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்று எழுதினார். நனவிலி மனம் எங்கும் ஒன்றே என்ற எடுகோளின் மீது வைக்கப்பட்ட கேள்வி இது.

1922இல் போஸ் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் தொடக்க உறுப்பினருள் ராஞ்சி மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரான ஓவன் பெர்க்லி-ஹில்லும் ஒருவர். இந்துக்களின் சமயத்தையும் குணத்தையும் மலவாய்ப் பருவத்தின் எச்சங்களாக விளக்கிக் கட்டுரை எழுதியவர் அவர். ஆளப்படுவோரின் மனம் முதிர்ச்சியற்றது என்னும் தீர்ப்புக்கு அறிவியல் உடை கிடைத்த காலம் அது. அதே அவையில் அமர்ந்துகொண்டு போஸ் அத்தீர்ப்பை மறுத்து முழங்கவில்லை. வேறுபாட்டைக் குறைபாடாகக் கொள்ளாமல், தம் அறையில் கேட்டதை எழுதினார். இந்த அடக்கத்தைத் தயக்கம் என்று கொள்வோரும் உண்டு. கடிதங்கள் அவ்வாறு காட்டவில்லை. ஆசானிடம் பணிவு குறையாமலே தம் கருத்தை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1931இல், ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளையொட்டி, கழகம் தந்தத்தாலான திருமால் சிலையொன்றை அனுப்பியது. ஃப்ராய்ட் அதைத் தம் எழுதுமேசையில் வைத்துக்கொண்டார்.